‘சர்வர் பிழை’ என்று சொன்னது யார்? இசைப் பதிவிறக்கக் கருவி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கருவியும் முதல் புகாரும்

இங்கே ஆராயப்படும் கருவி, கலைஞர்களின் அனுமதியோடோ கட்டற்ற உரிமத்தின் கீழோ பொதுவில் வைக்கப்பட்ட இசைப் பதிவுகளை ஒரு திறந்த களஞ்சியத்திலிருந்து தொகுப்பு தொகுப்பாக இறக்கித் தரும் சிறிய திறமூல நிரல். பைத்தானில் எழுதப்பட்டது, டெர்மினலில் ஒரே கட்டளையாக ஓடுவது. அதைப் பராமரிப்பவர்கள் மூவர், அவர்களில் நானும் ஒருவன். ஒரு தொகுப்பின் அடையாளத்தைக் கொடுத்தால் கருவி மூன்று இடங்களுக்குப் போகிறது. பாடல் பெயர், கலைஞர் பெயர், ஆண்டு போன்ற விவரங்களுக்கு மியூசிக்பிரைன்ஸ் தகவல் தளம், ஒலிக்கோப்புகளுக்குக் களஞ்சியம், அட்டைப் படத்துக்கு வேறொரு சர்வர். மூன்றும் கைக்கு வந்த பிறகு, தரம் குறையாமல் ஒலியைச் சுருக்கி வைக்கும் ஃபிளாக் வடிவக் கோப்புகளில் டேக் (பாடல் விவரக் குறிப்பு) எழுதி, பெயர் மாற்றி, உரிய ஃபோல்டரில் வைத்துவிடுகிறது. இடங்கள் மூன்று என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

வேகத்தைக் கூட்டுவதற்காக ஒரு புதிய பதிப்பை வெளியிட்டோம். பழைய பதிப்பு பாடல்களை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கியது. புதியது எட்டு த்ரெட்களில், அதாவது நிரலுக்குள் இணையாக ஓடும் எட்டு இழைகளில், ஒரே நேரத்தில் இறக்கியது. மூன்றாம் நாளிலிருந்து புகார்கள் வரத் தொடங்கின. எல்லாவற்றிலும் ஒட்டப்பட்டிருந்தது ஒரே வரி: ‘சர்வர் பிழை. சிறிது நேரம் கழித்து மீண்டும் முயலவும்.’

சர்வர் பிழை என்றால் சர்வரின் பிழை என்று எடுத்துக்கொள்வது இயல்பு. நாங்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம். களஞ்சியத்தில் அன்று கூட்டம் அதிகமாக இருக்கலாம், பொறுத்திருந்து பாருங்கள் என்று பதில் எழுதி முதல் இரண்டு நாட்களைக் கடத்தினோம். அந்த விளக்கத்தை நம்புவதற்கு எங்களிடம் இருந்த ஒரே சான்று, நாங்களே எழுதி வைத்த பிழைச்செய்திதான் என்பது பிறகுதான் உறைத்தது.

எங்கள் விளக்கத்தை முதலில் உடைத்தவர் ஒரு பயனர். கருவி பிழை காட்டிய அதே நிமிடத்தில், அதே கோப்பின் முகவரியை கர்ல் என்ற பொதுவான பதிவிறக்கக் கட்டளைக்குக் கொடுத்துப் பார்த்ததாகவும், கோப்பு ஒழுங்காக இறங்கியதாகவும் அவர் எழுதியிருந்தார். பழைய பதிப்புக்குத் திரும்பியவர்களுக்கும் தொல்லை இல்லை. இதைவிட விசித்திரமான ஒன்றும் இருந்தது: புகார் சொன்னவர்கள் ஏறக்குறைய எல்லாரும் வேகமான இணைப்பு வைத்திருப்பவர்கள். மெதுவான இணைப்பில் இருந்தவர்கள் புதிய பதிப்பை மகிழ்ச்சியாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். நெட்வொர்க் சார்ந்த கோளாறு என்றால் மெதுவான இணைப்பைத்தானே முதலில் தாக்க வேண்டும்?

பிழைச்செய்தியைப் பிரித்தெடுத்தல்

காரணத்தைத் தேடும் முன் செய்தியைச் சரி செய்ய வேண்டியிருந்தது. நிரலின் மேல் மட்டத்தில், உள்ளே எந்தப் பிழை எழுந்தாலும் பிடித்து, அதன் விவரத்தை விழுங்கிவிட்டு, மேலே சொன்ன ஒற்றை வரியை மட்டும் அச்சிடும் ஒரு பகுதி இருந்தது. பயனரை எண்களால் பயமுறுத்தக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நான் எழுதியதுதான் அது. பெயர் தெரியாத சர்வர், இணைப்பு அறுந்தது, சர்வர் அனுப்பும் 404, 503 போன்ற நிலை எண்கள், எங்கள் சொந்த நிரலில் எழும் பிழை என எல்லாமே அந்த வாசல் வழியாக வெளியேறும்போது ஒரே சீருடை அணிந்துகொண்டன.

அந்தப் பகுதியை மாற்றி, ஒவ்வொரு தோல்விக்கும் ஐந்து விவரங்களை லாகில் (நிரல் தன் செயல்களைக் குறித்து வைக்கும் பதிவேட்டில்) எழுதும்படி செய்தோம்: கேட்கப்பட்ட முகவரி, வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் ரீடைரக்ட்களுக்குப் பிறகு உண்மையில் பதில் தந்த முகவரி, எச்டிடிபி (இணையத்தில் கோரிக்கையும் பதிலும் பரிமாறும் நெறிமுறை) நிலை எண், பதிலின் தலையில் வரும் குறிப்புகளான ஹெடர்கள், பதில் உடலின் முதல் 200 பைட்டுகள். கடைசி விவரம் தேவையா என்று எங்களுக்குள் விவாதம் நடந்தது. பிற்பாடு அதுதான் மிகவும் உதவியது.

இந்த மாற்றத்தோடு ஒரு சோதனைப் பதிப்பைப் புகார் தந்தவர்களிடம் கொடுத்து லாக்களைப் பெற்றோம். எண்களைப் பிரித்து அடுக்கியபோது ‘சர்வர் பிழை’ என்ற ஒற்றைக் கோளாறு மறைந்துபோனது. மியூசிக்பிரைன்ஸ் தளத்திலிருந்து 503. களஞ்சியத்தின் சேமிப்பு சர்வர்களிலிருந்து 502. அதே இடத்திலிருந்து, எவரும் எதிர்பாராத 416. இவற்றோடு, எந்த சர்வரிடமிருந்தும் வராமல் எங்கள் நிரலே உண்டாக்கிய ஒரு பிழை. வெவ்வேறு நான்கு நோய்களுக்கு ஒரே சீட்டை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

503: இடைவெளி இருந்தும் இல்லாத கதை

எச்டிடிபியின் இன்றைய வரையறை ஆவணமான ஆர்எஃப்சி 9110 (2022) 5 எனத் தொடங்கும் எண்களை, சர்வர் தான் தவறியதாக அல்லது கேட்டதைச் செய்ய இயலாததாக உணரும் நிலைக்கு ஒதுக்குகிறது. அந்த வரிசையில் 503 என்பது தற்காலிகச் சுமையாலோ திட்டமிட்ட பராமரிப்பாலோ இப்போது இயலவில்லை என்று பொருள்படும். ஒரு பயனர் அளவுக்கு மீறிக் கேட்கிறார் என்பதைச் சுட்ட 429 என்ற தனி எண் 2012-இல் வெளியான ஆர்எஃப்சி 6585-இல் வந்தது. ஆனால் எல்லா சேவைகளும் அந்த எண்ணுக்கு மாறிவிடவில்லை. மியூசிக்பிரைன்ஸ் தன் விதியை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது: ஒரு ஐபி முகவரியிலிருந்து சராசரியாக விநாடிக்கு ஒரு கோரிக்கைக்கு மேல் போகக் கூடாது; போனால், வேகம் குறையும்வரை அந்த முகவரியின் எல்லாக் கோரிக்கைகளும் 503 என்ற எண்ணோடு மறுக்கப்படும். மிகையானவை மட்டுமல்ல, எல்லாமே என்பது இங்கே முக்கியம். ஆக, எண் 5-இல் தொடங்கினாலும் பொருள் ‘நீ அதிகம் கேட்கிறாய்’ என்பதுதான்.

இந்த விதி எங்களுக்குத் தெரியாதது அல்ல. ஒவ்வொரு கோரிக்கைக்கும் பின் ஒரு விநாடி காத்திருக்கும் பகுதி நிரலில் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. யாராவது கேட்டால் அதைச் சுட்டிக்காட்டி ‘இடைவெளி விட்டுத்தான் கேட்கிறோம்’ என்று சொல்லியும் வந்தோம். ஆனால் புதிய பதிப்பில் அந்தக் காத்திருப்பு, பாடல் ஒன்றைக் கையாளும் செயற்கூறுக்குள், அதாவது ஒவ்வொரு த்ரெட்டுக்குள்ளும் தனித்தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டது. எட்டு த்ரெட்களும் தத்தமது கடிகாரத்தைப் பார்த்துப் பொறுப்பாக ஒரு விநாடி காத்திருந்தன. எட்டும் சேர்ந்து எவ்வளவு கேட்கின்றன என்று கணக்கு வைக்க எவருமில்லை.

வேகமான இணைப்பின் புதிரும் இங்கேயே அவிழ்ந்தது. ஒவ்வொரு த்ரெட்டும் ஒரு பாடலின் விவரத்தைக் கேட்டு, ஒரு விநாடி காத்து, பிறகு அந்தப் பாடலின் கோப்பை இறக்குகிறது. கோப்பு இறங்க 40 விநாடி ஆகும் இணைப்பில் ஒரு சுற்றுக்கு 41 விநாடி. எட்டு த்ரெட்களும் சேர்ந்து ஐந்து விநாடிக்கு ஒரு கோரிக்கைதான் அனுப்புகின்றன. கோப்பு இரண்டே விநாடியில் இறங்கிவிடும் இணைப்பில் ஒரு சுற்றுக்கு மூன்று விநாடி. எட்டை மூன்றால் வகுத்தால் விநாடிக்கு இரண்டரைக்கும் மேல். இணைப்பின் மந்தம்தான் மெதுவானவர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

இதைவிட என்னை வெட்கப்பட வைத்தது வேறொன்று. ஏற்கெனவே இறங்கிய கோப்புகளைக் கருவி மீண்டும் இறக்காமல் தாண்டிப் போகும், ஆனால் விவரத்தை மட்டும் மறுபடி கேட்கும். ஆகவே பிழை வந்தவர் செய்தியில் சொன்னபடி ‘சிறிது நேரம் கழித்து’ மீண்டும் ஓட்டும்போது, இறக்கும் நேரம் என்ற தடையும் இல்லாமல், விநாடிக்கு எட்டுக்கு நெருக்கமான வேகத்தில் கோரிக்கைகள் பாய்கின்றன. எத்தனை கோப்புகள் முன்பே இறங்கியிருக்கின்றனவோ அவ்வளவுக்கு அடுத்த ஓட்டம் மோசமாகும். எங்கள் பிழைச்செய்தி கொடுத்த அறிவுரையே நோயை வளர்த்தது.

தீர்வு சிறியதுதான். காத்திருப்பை எல்லா த்ரெட்களும் பகிரும் ஒரே பொருளாக வெளியே எடுத்து, அதற்கு ஒரு பூட்டு வைத்தோம். எந்த த்ரெட் கேட்டாலும் முந்தைய கோரிக்கையிலிருந்து ஒரு விநாடி கடந்திருந்தால்தான் பூட்டு திறக்கும். கூடவே, தொகுப்பின் எல்லாப் பாடல்களின் விவரத்தையும் ஒரே கோரிக்கையில் பெற முடியும் என்பதால் பாடலுக்கு ஒன்று என்ற முறையையே விட்டுவிட்டோம். உண்மையில் இந்த இரண்டாவது மாற்றம் மட்டுமே போதுமானதாக இருந்திருக்கும். பூட்டு எங்கள் மனநிம்மதிக்காக.

கேட்பது எந்த நிரல் என்று சொல்லும் யூசர்-ஏஜென்ட் ஹெடரையும் அப்போதுதான் கவனித்தோம். எங்கள் கருவி தன் பெயரைச் சொல்லாமல், பைத்தான் நூலகத்தின் (நாங்கள் பயன்படுத்தும் ஆயத்த நிரல்தொகுதியின்) பொதுப்பெயரோடு போய்க்கொண்டிருந்தது. கருவியின் பெயர், பதிப்பு எண், தொடர்பு முகவரி ஆகியவற்றை அந்த ஹெடரில் தர வேண்டும் என்று மியூசிக்பிரைன்ஸ் கேட்டுக்கொள்கிறது. முகமறியாத நிரல்களைப் பொதுவான ஒரு வரம்புக்குள் சேர்த்து அடைப்பதும் உண்டு. அந்த வரம்பு நிரம்பினால், நாம் ஒழுங்காகக் கேட்டாலும் மறுக்கப்படலாம். திருத்த ஒரு வரி போதுமாயிருந்தது.

மறுமுயற்சிக்குள் மறுமுயற்சி

503 வந்த பிறகு கருவி என்ன செய்தது என்பது தனிக் கதை. நாங்கள் பயன்படுத்தும் எச்டிடிபி நூலகத்தில் மூன்று மறுமுயற்சிகள் என்று அமைத்திருந்தோம். முதல் முயற்சியோடு நான்கு. அதற்கு மேலே, நூலகத்தைச் சுற்றி நாங்களே எழுதிய ஒரு சுழற்சி, தோல்வி வந்தால் முழுக் கோரிக்கையையும் மொத்தம் ஐந்து தடவை வரை செய்தது. இரண்டையும் எழுதியவர்கள் வேறு வேறு, எழுதிய காலமும் வேறு. ஒன்று இருப்பது மற்றவருக்குத் தெரியாது. நான்கு பெருக்கல் ஐந்து, ஒரு பாடலின் விவரத்துக்கு 20 கோரிக்கைகள். அதிகம் கேட்கிறாய் என்று சொன்ன சர்வரிடம் அதே நொடியில் இன்னும் பத்தொன்பது முறை கேட்டிருக்கிறோம். நூலக அடுக்கில் இடைவேளைக்கான மதிப்பு சுழியமாக விடப்பட்டிருந்தது.

இங்கேதான் சர்வருக்குச் சம்பந்தமே இல்லாத பிழையும் அகப்பட்டது. மறுப்பு தெரிவிக்கும் சர்வர், எப்போது திரும்ப வரலாம் என்பதை ரிட்ரை-ஆஃப்டர் என்ற ஹெடரில் சொல்லலாம். அதை இரண்டு வடிவங்களில் எழுத வரையறை இடம் தருகிறது: 120 என்பது போல விநாடிக் கணக்காகவோ, நாளும் மணியும் சேர்ந்த முழுத் தேதியாகவோ. நூலகத்துக்கு இரண்டையும் படிக்கத் தெரியும். ஆனால் அந்த வசதியை அணைத்துவிட்டு, வெளிச் சுழற்சியில் சொந்தமாக ஒன்றை எழுதியிருந்தோம். அது ஹெடரை நேராக முழு எண்ணாக மாற்ற முயன்றது. களஞ்சியத்தின் சில சர்வர்கள் பராமரிப்பின்போது தேதி வடிவில் பதில் தந்தன. எழுத்துகள் நிறைந்த தேதியை எண்ணாக மாற்ற முடியாமல் எங்கள் நிரல் சறுக்கியது. அந்தச் சறுக்கலை மேல்மட்டப் பகுதி பிடித்து, வழக்கம்போல் ‘சர்வர் பிழை’ என்றது. சர்வர் எப்போது வர வேண்டும் என்று மணியோடு சொல்லியிருந்தது. நாங்கள் அதைப் படிக்கத் தெரியாமல் பழியை அதன்மேல் போட்டோம்.

இப்போது மறுமுயற்சி ஒரே அடுக்கில் மட்டும் நடக்கிறது. சர்வர் நேரம் சொன்னால் அதுவே இறுதி. சொல்லாவிட்டால் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு விநாடிகள் என இடைவெளி இரட்டிப்பாகிறது. ஒவ்வொன்றோடும் சிறிய தற்செயல் அளவு சேர்க்கப்படுகிறது. இல்லாவிட்டால் ஒரே கணத்தில் தோற்ற எட்டு த்ரெட்களும் ஒரே கணத்தில் திரும்பி வந்து கதவைத் தட்டும்.

502: பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டிருந்தது

502 என்ற எண்ணைக் கோப்பை வைத்திருக்கும் சர்வர் பொதுவாகச் சொல்வதில்லை. அதற்கு முன்னால் நிற்கும் ப்ராக்ஸி, பின்னாலிருந்து தனக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை என்று சொல்வது அது. பின்னாலிருப்பது குறித்த நேரத்தில் பதிலே தராவிட்டால் 504. இந்த வேறுபாடு தெரிந்திருந்தால், 502-ஐப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, நாம் தட்டிய கதவுக்குப் பின்னால் கோப்பு இன்னும் இருக்கிறதா என்பதுதான்.

களஞ்சியத்தின் பொது முகவரியில் கோப்பைக் கேட்டால், அது 302 என்ற எண்ணோடு, அந்த நேரத்தில் கோப்பை வைத்திருக்கும் சேமிப்பு சர்வருக்கு நம்மை அனுப்பி வைக்கும். பாதியில் நின்ற பதிவிறக்கத்தைத் தொடர்வதற்காக எங்கள் கருவி ஒரு நிலைக்கோப்பை எழுதி வைக்கிறது. அதில் பொது முகவரிக்குப் பதிலாக, கடைசியில் போய்ச் சேர்ந்த சேமிப்பு சர்வரின் முகவரியைப் பதிந்திருந்தோம். ஒரு சுற்று ரீடைரக்ட் மிச்சமாகும் என்ற சிக்கன புத்தி. லாகில் ‘கேட்கப்பட்ட முகவரி’, ‘பதில் தந்த முகவரி’ இரண்டும் ஒன்றாகவே இருப்பதைப் பார்த்தபோதுதான் இது பிடிபட்டது. சாதாரணமாக அவை வேறுபட வேண்டும். 302 தற்காலிகமானது என்பதும், அடுத்த முறை மூல முகவரியிலேயே கேட்க வேண்டும் என்பதும் வரையறையிலேயே இருக்கின்றன. நிரந்தர மாற்றத்துக்கு 301, 308 என்று வேறு எண்கள் உண்டு. சில நாள் இடைவெளிக்குப் பின் தொடர முயன்றவர்களுக்கு, தொகுப்பு வேறு சேமிப்பு சர்வருக்கு இடம் மாறியிருந்தது. கர்ல் கொண்டு சோதித்த பயனருக்குக் கோப்பு இறங்கியதற்கும் இதுவே காரணம்: அவர் பொது முகவரியைக் கொடுத்திருந்தார்.

நிலைக்கோப்பில் மூல முகவரியை எழுதத் தொடங்கியதும் இந்தப் பகுதி தீர்ந்தது.

416, அதன் நிழலில் இருந்த 200

தொடர்ந்து இறக்குவதற்கு ரேஞ்ச் ஹெடர் பயன்படுகிறது. கையில் 10,000 பைட்டுகள் இருந்தால், 10,000-ஆவது இடத்திலிருந்து கொடு என்று கேட்கிறோம். எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குவதால் அதுதான் அடுத்த பைட். சர்வர் ஒப்புக்கொண்டால் 206 என்ற எண்ணோடு மீதியை மட்டும் தரும். கோப்பு முழுவதும் ஏற்கெனவே கையில் இருந்து, ஆனால் நிலைக்கோப்பில் ‘முடிந்தது’ என்று குறிக்கும் முன் கருவி நிறுத்தப்பட்டிருந்தால், கோப்பின் எல்லைக்கு அப்பால் கேட்கிறோம். அதற்கு சர்வர் சொல்லும் பதில் 416. பெரும்பாலும் கோப்பின் மொத்த நீளத்தையும் கன்டென்ட்-ரேஞ்ச் ஹெடரில் சேர்த்தே சொல்லிவிடும். அந்த நீளம் நம் கோப்பின் நீளத்துக்குச் சமம் என்றால் நடந்திருப்பது தோல்வியே அல்ல. வேலை முடிந்துவிட்டது என்ற செய்தி. நாங்கள் அதையும் சர்வர் பிழையாக அறிவித்து, முழுமையாக இருந்த கோப்பை நீக்கி, முதலிலிருந்து இறக்கினோம்.

416-ஐ என் கணினியிலேயே வரவழைத்துப் பார்க்க, பைத்தானோடு வரும் எளிய சர்வரை ஓட்டினேன். 416 வரவில்லை; வேறொன்று வந்தது. நான் வைத்திருந்த பதிப்பில் அந்தச் சிறு சர்வர் ரேஞ்ச் ஹெடரைக் கண்டுகொள்வதே இல்லை. மீதியைக் கேட்டால், 200 என்று சொல்லி முழுக் கோப்பையும் தருகிறது. இது விதிமீறல் அல்ல. ரேஞ்ச் கோரிக்கையைப் புறக்கணிக்க சர்வருக்கு உரிமை உண்டு. ஆனால் எங்கள் நிரல் எண்ணைப் பார்க்காமல், வந்ததை எல்லாம் கோப்பின் வாலில் ஒட்டிக்கொண்டது. பாதிக் கோப்பும் முழுக் கோப்பும் சேர்ந்து ஒன்றரைக் கோப்பு. இதற்கு எந்தப் பிழைச்செய்தியும் இல்லை. ‘வெற்றி’ என்று பச்சை எழுத்தில் வந்தது. இப்படிப்பட்ட கோப்புகள் எத்தனை பேரிடம் இருந்தன என்று கண்டுபிடிக்க வழியில்லாததால், கோப்பு அளவைச் சரிபார்க்கும் தனிக் கட்டளை ஒன்றைச் சேர்த்து, எல்லாரையும் ஒரு முறை ஓட்டச் சொன்னோம்.

இப்போது 206 வந்தால் மட்டுமே ஒட்டுகிறோம், 200 வந்தால் முதலிலிருந்து எழுதுகிறோம். இஃப்-ரேஞ்ச் ஹெடரில், கோப்பின் பதிப்பை அடையாளம் காட்டும் ஈடேக் மதிப்பையும் அனுப்புகிறோம். இடையில் களஞ்சியத்தில் கோப்பு மாற்றப்பட்டிருந்தால், பழையதன் தலையும் புதியதன் உடலும் சேர்ந்த ஒன்று கிடைக்காமல், சர்வர் புதிய கோப்பை முழுதாகவே தந்துவிடும். இதற்கு வலுவான ஈடேக் வேண்டும். பலவீனமானது என்று குறிக்கப்பட்டதை இங்கே பயன்படுத்தக் கூடாது.

வெற்றி என்று வந்த தோல்வி

லாகில் உடலின் முதல் 200 பைட்டுகளை எழுதியது இந்தக் கட்டத்தில்தான் கைகொடுத்தது. ஒரு பயனரின் தொகுப்பில் பன்னிரண்டு பாடல்கள். பதினொன்று ஓடின, ஒன்றை எந்த பிளேயரும் திறக்க மறுத்தது. ஐந்து நிமிடப் பாடலுக்கு ஃபிளாக் கோப்பு 30 எம்பி அளவில் இருப்பது வழக்கம். இந்தக் கோப்பு 6 கேபி. நிலை எண் 200.

கோப்பின் முதல் பைட்டுகளை எண்களாகக் காட்டும்படி டெர்மினலில் கேட்டேன். ஃபிளாக் கோப்பு 102, 76, 97, 67 என்று தொடங்க வேண்டும். அவை அந்த வடிவத்தின் பெயரையே ஆங்கில எழுத்துகளில் எழுதும் நான்கு பைட்டுகள். இங்கே இருந்தவை 60, 33, 68, 79. முதலாவது எண் கோண அடைப்புக்குறிக்கு உரியது. எச்டிஎம்எல் பக்கம் ஒன்றின் தொடக்கம். உள்ளே திறந்து பார்த்தால், சேவை பராமரிப்பில் உள்ளது என்று பணிவாகச் சொல்லும் அறிவிப்புப் பக்கம். சேமிப்பு சர்வர் ஒன்று இயங்காதபோது கோரிக்கை அந்தப் பக்கத்துக்குத் திருப்பப்பட்டிருக்கிறது. பக்கம் வெற்றிகரமாகத் தரப்பட்டதால் எண் 200. மனிதக் கண்ணுக்கு அது தெளிவான தோல்வி, நிரலுக்கு அது பாடல்.

எண்ணை நம்பி உடலைப் பார்க்காமல் விட்டதுதான் இங்கே எங்கள் குறை. நான்கு சோதனைகளைச் சேர்த்தோம். பதிலின் வகையைச் சொல்லும் கன்டென்ட்-டைப் ஹெடர் எச்டிஎம்எல் என்று சொன்னால் நிறுத்துவது. அறிவிக்கப்பட்ட நீளமும் வந்து சேர்ந்த நீளமும் ஒன்றா என்று பார்ப்பது. முதல் பைட்டுகளைப் பார்ப்பது. களஞ்சியம் தரும் செக்சத்தோடு (கோப்பின் பைட்டுகளிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண்ணோடு) ஒப்பிடுவது. இவற்றில் இரண்டாவதை நூலகமே செய்யும் என்று நினைத்திருந்தோம். நாங்கள் பயன்படுத்திய யூஆர்எல்லிப்3 நூலகத்தின் பழைய பதிப்புகள், இணைப்பு பாதியில் அறுந்தாலும் வந்தவரை போதும் என்று அமைதியாக முடித்துக்கொள்பவை. 2023-இல் வந்த 2.0 பதிப்பில்தான் நீளச் சோதனை இயல்பாகவே இயங்கும்படி ஆனது. மூன்றாவது சோதனையிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. சிலர் தங்கள் ஃபிளாக் கோப்புகளின் தலையில் எம்பி3 பாணி டேக்கை ஒட்டிவிடுகிறார்கள்; அவை 73, 68, 51 என்று தொடங்கும். அவற்றைக் கெட்டவை என்று வீசிவிட முடியாது, டேக்கைத் தாண்டிப் பார்க்க வேண்டும்.

நான்காவது சோதனை முதல் நாளிலேயே எல்லாக் கோப்புகளையும் கெட்டவை என்றது. அரை நாள் தேடிய பின்தான் காரணம் புரிந்தது: கருவி டேக்கை எழுதிவிட்டு அப்புறம் செக்சம் பார்த்தது. டேக் எழுதிய மறுகணமே கோப்பின் பைட்டுகள் மாறிவிடுகின்றன, களஞ்சியத்தின் செக்சம் இனி ஒருபோதும் பொருந்தாது. ஒப்பீட்டை டேக்குக்கு முன்னால் நகர்த்தினோம்.

டேக் எழுதப்பட்டு நெடுநாளான பழைய கோப்புகளைச் சரிபார்க்க, ஃபிளாக் வடிவமே ஒரு வழி வைத்திருக்கிறது. முதல் நான்கு பைட்டுகளுக்கும் நான்கு பைட் முன்னுரைக்கும் பிறகு, 34 பைட் நீளமுள்ள ஸ்ட்ரீம்இன்ஃபோ என்ற பகுதி கட்டாயம் வரும். அதன் கடைசி 16 பைட்டுகள், குறுக்கப்படாத ஒலியின் எம்டி5 என்ற செக்சம். அது ஒலிக்கு மட்டுமான கணக்கு; டேக்கை எத்தனை முறை திருத்தினாலும், அட்டைப் படத்தைச் சேர்த்தாலும் எடுத்தாலும் மாறாது. கோப்பை டிகோட் செய்து அந்த எம்டி5-ஐச் சரிபார்க்கும் சோதனை, ஃபிளாக் கட்டளையிலேயே இருக்கிறது. முன்னர் சொன்ன சரிபார்ப்புக் கட்டளை இப்போது அளவோடு இதையும் பார்க்கிறது. ஒன்றரைக் கோப்புகள் இதில் மறைய வழியில்லை.

கடைசிப் புகார்

திருத்தங்கள் வெளியான பிறகு பிழைச்செய்திகள் வேறு மாதிரி இருந்தன: எந்த முகவரி, என்ன எண், எவ்வளவு நேரம் காத்திருக்கப்போகிறது என்று மூன்று துண்டுகளாக வந்தன. புகார்கள் குறைந்தன, வந்தவையும் பாதித் தீர்வோடு வந்தன, ஏனெனில் எண்ணைப் பார்த்துப் பயனர்களே முதல் ஊகத்தைச் செய்துவிட்டார்கள். எண்கள் பயமுறுத்தும் என்று நான் நினைத்தது தவறு.

ஒன்று மட்டும் மிஞ்சியது. ஒருவருக்குப் பாடல்கள் எல்லாம் ஒழுங்காக இறங்கின, செக்சம் பொருந்தியது, ஆனால் அட்டைப் படங்கள் மட்டும் வெற்றுச் சதுரமாக இருந்தன. பிழைச்செய்தி எதுவும் இல்லை. ஒலிக்கோப்புகளுக்குச் சேர்த்த சோதனைகளை நாங்கள் படங்களுக்குச் சேர்க்கவில்லை; படம்தானே என்று விட்டிருந்தோம். ஐந்து தொகுப்புகளின் படக் கோப்புகளை அவர் அனுப்பினார். ஐந்தும் வெவ்வேறு இசை, ஐந்தின் அளவும் பைட் பிசகாமல் ஒன்று. ஜேபெக் படம் 255, 216, 255 என்று தொடங்க வேண்டும்; இவை 60-இல் தொடங்கின. உள்ளே இருந்தது, அவர் பயன்படுத்திய வைஃபை நெட்வொர்க்கின் உள்நுழைவுப் பக்கம்.

பாடல்கள் தப்பியதற்கும் படங்கள் சிக்கியதற்கும் வித்தியாசம் ஒரே ஓர் எழுத்து. அட்டைப் படத்தின் முகவரி மட்டும், கருவி எழுதப்பட்ட காலத்திலிருந்தே, பாதுகாப்பற்ற எச்டிடிபியில் தொடங்கியது. அவருடைய அனுமதி நேரம் முடியும்போதெல்லாம் நெட்வொர்க் அந்தத் திறந்த கோரிக்கையை வழியில் மறித்து, படத்துக்குப் பதில் தன் பக்கத்தைக் கொடுத்திருக்கிறது. எச்டிடிபிஎஸ் முகவரிகளில் அதனால் அப்படிச் செய்ய முடியாது. இணைப்பு உடையும், கருவி காத்திருந்து மீண்டும் முயலும், அவர் பிரவுசரில் உள்நுழைந்ததும் பாடல் இறங்கிவிடும். முகவரியில் அந்த எழுத்தைச் சேர்த்து, படத்துக்கும் முதல் பைட் சோதனையை வைத்து அவருக்கு அனுப்பினோம். அதே இணைப்பில் அவர் மறுபடி ஓட்டியபோது, சான்றிதழ் பொருந்தவில்லை என்று முகவரியோடு சொல்லிக் கருவி நின்றது. அவர் உள்நுழைந்துவிட்டு ஓட்டி, படக் கோப்பின் முதல் மூன்று எண்களை மட்டும் எங்களுக்கு எழுதினார்: 255, 216, 255.